வளைகுடாவின் பங்காளிச் சண்டை: கத்தார் முற்றுகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகளும் ஒரே நாளில் கத்தாருடன் உறவை வெட்டிக்கொண்டன. அந்தப் பகை மூன்றரை ஆண்டுக்கு மேல் நீடித்தது. அப்போது நான் கத்தார் தலைநகர் தோஹாவில் வேலையில் இருந்தேன். அதனால் ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது இதைப் பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே.

சரியாக என்னதான் நடந்தது?

ஜூன் 5, திங்கட்கிழமை. ரமலான் பத்தாம் நாள். சஹர், அதாவது நோன்புக்கு முந்தைய விடிகாலைச் சாப்பாடு, சாப்பிட்டுப் படுத்தவர்கள் கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முதலில் பஹ்ரைன் அறிவித்தது, சில நிமிடங்களில் மற்ற மூன்று நாடுகளும். ஏமன் அரசும் மாலத்தீவும் பின்னால் சேர்ந்துகொண்டன.

தூதரை அழைத்துக்கொள்வது அரபு அரசியலில் புதிதில்லை. இந்த முறை நிலம், கடல், வானம் மூன்றும் மூடப்பட்டன. கத்தாருக்கு இருக்கும் ஒரே தரை எல்லை சவூதியோடுதான். கத்தார் பக்கம் அபு சம்ரா, சவூதி பக்கம் சல்வா. அந்தச் சாவடி பூட்டப்பட்டது. கத்தார் ஏர்வேஸ் ஒரே நாளில் 18 நகரங்களை இழந்தது. சவூதி, அமீரகம், பஹ்ரைனில் இருந்த கத்தார்க்காரர்களுக்கு வெளியேற 14 நாள் கெடு.

அன்று மாலை எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட்டில் பால் அலமாரி மொத்தமும் காலி. ஒருவர் தள்ளுவண்டியில் உறைந்த கோழியை மட்டும் இடுப்புயரத்துக்கு அடுக்கிக்கொண்டு போனார். பின்னால் நின்ற ஒரு மலையாளி அண்ணன், "கரண்ட் போனா என்ன செய்வாராம்?" என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நானும் இரண்டு மூட்டை அரிசி எடுத்தேன்.

இதை முற்றுகை என்பதா, புறக்கணிப்பு என்பதா?

கத்தார் 'ஹிஸார்' என்றது, அதாவது முற்றுகை. எதிர்த்தரப்பு 'முகாதஆ' என்றது, அதாவது புறக்கணிப்பு. "எங்கள் வாசலை மூடிக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லையா?" என்பது அவர்கள் வாதம். போர்க்கப்பல் நிறுத்தித் துறைமுகத்தை மறிக்கவில்லை என்பதால் சட்டப்படி அதில் நியாயம் உண்டு. ஆனால் உணவில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்த ஒரே வாசல் வழியாக வந்துகொண்டிருந்த ஊரில் இருந்தவனுக்கு முற்றுகை என்ற சொல்தான் வாயில் வரும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சண்டை எதில் ஆரம்பித்தது?

ஒரு பொய்ச் செய்தியில். மே 23 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கத்தார் செய்தி நிறுவனத்தின் தளத்தில் நாட்டை ஆளும் அமீர் தமீம் பேசியதாகச் சில வரிகள் வந்தன. ஈரானோடு மோதுவது புத்திசாலித்தனம் இல்லை, ஹமாஸ்தான் பாலஸ்தீனர்களின் பிரதிநிதி என்கிற மாதிரி. சற்று நேரத்திலேயே "தளத்தை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், அமீர் அப்படிப் பேசவே இல்லை" என்று கத்தார் மறுத்தது. சவூதி, அமீரகத் தொலைக்காட்சிகள் மறுப்பைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விடிய விடிய அதே வரிகள் ஓடின.

ஹேக்கிங்குக்குப் பின்னால் அமீரகம் இருந்ததாக அமெரிக்க உளவுத்துறை கருதுகிறது என்று ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அமீரகம் மறுத்தது. டிரம்ப் சவூதித் தலைநகர் ரியாத்துக்கு வந்து போய் இரண்டு மூன்று நாள்கூட ஆகியிருக்கவில்லை என்பதை மட்டும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது சாக்கு என்றால் உண்மையான காரணம் என்ன?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வளைகுடா ஆளும் குடும்பங்கள் பல அரேபியாவின் உள்நாட்டுப் பழங்குடிகளில் வேர் உள்ளவை. கத்தாரின் அல் தானி குடும்பத்தின் வேர் நஜ்தில், அதாவது சவூதியின் நடுப்பகுதியில். பஹ்ரைனை ஆளும் அல் கலீஃபா குடும்பம் 1783-ல் தீவைப் பிடிப்பதற்கு முன் இருந்தது கத்தார் கரையில் இருக்கும் ஸுபாராவில். அந்த ஸுபாராவும் ஹவார் தீவுகளும் யாருக்கு என்ற வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போய் 2001-ல்தான் தீர்ந்தது. ஹவார் பஹ்ரைனுக்கு, ஸுபாரா கத்தாருக்கு. நம் ஊரில் இதற்குப் பெயர் பங்காளிச் சண்டை. வெளியாள் வந்தால் ஒன்றாக நிற்பார்கள், வரப்பு என்று வந்தால் அரிவாள்.

1981 மே மாதம் அபுதாபியில் வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் தொடங்கியபோது ஆறு நாடுகள் சேர்ந்தன. ஈரானில் புரட்சி முடிந்து ஈரான்-ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். பயம் சேர்த்துவைத்த கூட்டு அது. சவூதி அண்ணன், மற்றவர்கள் தம்பிகள் என்பது சொல்லாமலே புரிந்த ஏற்பாடு.

1995-ல் கத்தாரில் ஷேக் ஹமத், அப்பா வெளிநாட்டில் இருந்த நேரம் பார்த்து ஆட்சியைப் பிடித்தார். அண்டை அரசுகளுக்கு இது ரசிக்கவில்லை. மகன் அப்பாவைத் தள்ளுவது தொற்றுநோய் மாதிரி, நம் வீட்டுக்கும் வரலாம். மறு ஆண்டே எதிர்ப்புரட்சி முயற்சி ஒன்று நடந்து தோற்றது. அண்டை நாடுகளுக்கு அதில் கை இருந்தது என்று கத்தார் சொன்னது.

அதே 1996 நவம்பரில் கத்தாரின் செய்திச் சேனல் அல் ஜஸீரா ஒளிபரப்பைத் தொடங்கியது. சவூதி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து பிபிசி நடத்திய அரபுத் தொலைக்காட்சி சண்டையில் மூடப்பட்டிருந்தது. வேலை இழந்த பத்திரிகையாளர்களில் பலர் தோஹாவுக்கு வந்தார்கள். எல்லா அரபு அரசர்களையும் விமர்சிக்கும் சேனல், கத்தாரை மட்டும் மென்மையாகத் தொடும். கோபத்தில் 2002-ல் சவூதி தன் தூதரை அழைத்துக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் அனுப்பவில்லை.

முடிச்சு இறுகியது 2011-க்குப் பிறகு. அரபு எழுச்சியில் கத்தார் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் பக்கம் பந்தயம் கட்டியது. சவூதிக்கும் அமீரகத்துக்கும் அந்த இயக்கம் மன்னராட்சிக்கே வைத்த வேட்டு. எகிப்தில் அந்த இயக்கத்தின் முர்சி ஆட்சியில் இருந்தபோது கத்தார் பணம் கொடுத்தது. 2013 ஜூலையில் ராணுவம் அவரைக் கவிழ்த்ததும் சவூதி, அமீரகம், குவைத் மூன்றும் சேர்ந்து சில நாட்களிலேயே 1,200 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. 2014 மார்ச்சில் சவூதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் தோஹாவிலிருந்து தூதர்களை எட்டு மாதம் திரும்ப அழைத்திருந்தன. 2017 அந்தக் கதையின் இரண்டாம் பாகம்தான்.

எண்ணெய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எண்ணெயைவிட எரிவாயுவுக்குத்தான் சம்பந்தம். என்னைக் கேட்டால் மொத்தச் சண்டையின் சாவியே இங்கேதான் கிடக்கிறது.

எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கில் இருந்தால் கோட்டாவுக்கு, அதாவது யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவுக்கு, கட்டுப்பட வேண்டும், கோட்டா மேசையின் தலைமாட்டில் சவூதி உட்கார்ந்திருக்கும். கத்தாரின் எண்ணெய் சொற்பம். ஆனால் அதன் வடக்கே கடலுக்கடியில் உலகிலேயே பெரிய எரிவாயு வயல் இருக்கிறது. 1971-ல் ஷெல் நிறுவனம் கண்டுபிடித்தபோது எண்ணெய் இல்லையே என்றுதான் பலர் ஏமாந்தார்களாம். பின்னால் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்ற ஆரம்பித்தார்கள். 1997-ல் முதல் சரக்கு ஜப்பான் போனது. 2010-க்குள் ஆண்டுக்கு 7.7 கோடி டன்.

கப்பலில் போகும் வாயுவுக்கு ஓபெக் கோட்டா கிடையாது, சவூதி மண்ணும் தேவையில்லை. டோக்கியோவோடும் சியோலோடும் இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டவன் ரியாத்தின் முகம் பார்த்து நடக்க வேண்டிய அவசியம் என்ன? தம்பி தனிக்குடித்தனம் போனது இப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த வயலின் மறுபாதி ஈரானுடையது. அங்கே அதற்கு தெற்கு பார்ஸ் என்று பெயர். ஒரே கிணற்றில் இரண்டு வீடு தண்ணீர் இறைக்கும்போது பக்கத்து வீட்டோடு முறைத்துக்கொண்டு இருக்க முடியாது. "ஈரானோடு ஏன் குலாவுகிறாய்?" என்று சவூதி கேட்டபோதெல்லாம் கத்தாரால் வெளியே சொல்ல முடியாத பதில் கடலுக்கடியில் கிடந்தது.

13 கோரிக்கைகள் என்று சொல்வார்களே?

ஜூன் 22 அன்று குவைத் வழியாகக் கொடுத்த பட்டியல். அல் ஜஸீராவை மூடு, துருக்கியின் ராணுவத் தளத்தை மூடு, ஈரானோடு உறவைக் குறை, சகோதரத்துவ இயக்கத்தோடும் ஹிஸ்புல்லாவோடும் தொடர்பை அறு, நஷ்டஈடு கொடு, சொன்னபடி நடக்கிறாயா என்று ஆண்டுக்கணக்கில் தணிக்கைக்கு உட்படு. பத்து நாள் கெடு. எந்த நாடும் ஒப்புக்கொள்ள முடியாத பட்டியல், ஒப்புக்கொள்ளக் கூடாது என்றே எழுதினார்களோ என்னவோ.

கெடு இரண்டு நாள் நீட்டப்பட்டது. அது முடிகிற வேளையில், ஜூலை 4 அன்று, எரிவாயு உற்பத்தியை 10 கோடி டன்னாகக் கூட்டப்போகிறோம் என்று கத்தார் அறிவித்தது. பதில் அதுதான்.

அமெரிக்கா யார் பக்கம்?

எந்த அமெரிக்கா என்று கேட்க வேண்டும். டிரம்ப் முற்றுகை தொடங்கிய மறுநாளே ட்விட்டரில் நால்வர் அணியைப் பாராட்டினார். வெளியுறவு அமைச்சர் டில்லர்சன் எண்ணெய் நிறுவனமான எக்ஸான் மொபிலில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், கத்தார் வாயுவில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் முற்றுகையைத் தளர்த்தச் சொன்னார். ராணுவத்துக்கோ வேறு கவலை: அந்த வட்டாரத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய விமானத்தளம், அப்போது ஏறத்தாழ 10,000 வீரர்களோடு, தோஹாவுக்குத் தென்மேற்கே அல் உதைதில் இருக்கிறது. ட்வீட் போட்ட எட்டே நாளில் கத்தாருக்கு 1,200 கோடி டாலருக்கு எஃப்-15 விமானங்கள் விற்கக் கையெழுத்தானது!

குவைத்தும் ஓமானும் ஏன் சேரவில்லை?

இன்றைக்குக் கத்தார், நாளைக்கு நாம் என்பது இரண்டுக்கும் தெரியும். ஓமான் எப்போதும் தனி வழி, ஈரானோடும் பேசும். குவைத்துக்கு 1990 மறக்காது. எண்ணெய் விலையையும் கோட்டாவையும் எல்லையிலிருக்கும் ருமைலா எண்ணெய் வயலையும் காரணம் காட்டித்தான் ஈராக்கின் சதாம் ஹுசைன் உள்ளே நுழைந்தார். பெரிய அண்ணன்கள் கோபித்துக்கொண்டால் சின்ன வீடு என்ன ஆகும் என்பதைப் பட்டறிந்த நாடு.

குவைத் அமீர் ஷேக் சபாவைப் பற்றி இரண்டு வரி. நாற்பது ஆண்டு வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அப்போது 88-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். நோன்பு வைத்துக்கொண்டு இரண்டே நாளில் ஜித்தா, துபாய், தோஹா என்று பறந்தார். செப்டம்பரில் வாஷிங்டனில் டிரம்பின் பக்கத்தில் நின்று, ராணுவ நடவடிக்கை நடக்காமல் தடுத்துவிட்டோம் என்றார். அதுவரை போர் வாய்ப்பு இருந்தது என்று யாரும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. தோஹாவில் அன்று அந்தச் செய்தியைப் பார்த்த எங்களுக்கு வயிறு ஒரு முறை கலங்கியது.

கத்தார் எப்படிச் சமாளித்தது?

பணம் இருந்தது, அதுதான் முதல் பதில். முதல் சில மாதங்களில் வங்கிகளையும் பொருளாதாரத்தையும் தாங்கிப்பிடிக்க 3,800 கோடி டாலருக்கு மேல் இறக்கியதாகக் கடன்தர மதிப்பீட்டு நிறுவனம் மூடிஸ் கணக்கிட்டது.

துபாயின் ஜபல் அலி வழியாக வந்த சரக்கு, ஓமானின் சோஹார், சலாலா துறைமுகங்களுக்கு மாறியது. தோஹாவுக்குத் தெற்கே புதிதாகக் கட்டிய ஹமத் துறைமுகத்தை செப்டம்பரில் முறைப்படி திறந்தார்கள். விமானங்கள் ஈரான் வான்வெளிக்குப் போயின. ஈரானும் துருக்கியும் உணவு அனுப்பின. துருக்கி நாடாளுமன்றம் இரண்டே நாளில் படை அனுப்ப ஒப்புதல் கொடுத்தது. கத்தாரை ஈரானிடமிருந்தும் துருக்கியிடமிருந்தும் பிரிக்கப் போட்ட திட்டம் இரண்டின் மடியிலும் கொண்டுபோய் உட்காரவைத்தது.

காலியான பால் அலமாரி ஒரு வாரத்துக்குள் நிரம்பிவிட்டது. எல்லாம் துருக்கிப் பாக்கெட். எது பால், எது தயிர் என்றே தெரியாது. எங்கள் அறையில் ஒருவன் காபி போட வாங்கிவந்தது 'ஐரான்'. நம் நீர்மோர்தான், உப்பு தூக்கல். அந்தக் காபியை நாங்கள் இரண்டு வருடம் கிண்டல் செய்தோம்.

அப்புறம் மாடுகள். ஜூலையில் 165 ஹோல்ஸ்டீன் கறவை மாடுகள் கத்தார் ஏர்வேஸ் சரக்கு விமானத்தில் வந்து இறங்கின. மொத்தம் 4,000 கொண்டுவரப்போவதாகச் சொன்னார்கள். பாலைவனத்தில் ஏசி கொட்டகை, மேலே நீர்த்தூவி. பலத்னா என்ற அந்தப் பண்ணை இரண்டு ஆண்டில் உள்நாட்டுத் தேவையை நிறைத்து, ஏற்றுமதியும் ஆரம்பித்து, பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

இவ்வளவு பகையிலும் எரிவாயுக் குழாய் மூடப்படவில்லை என்பது உண்மையா?

உண்மை. 2007 முதல் டால்ஃபின் என்ற கடலடிக் குழாயில் கத்தார் வாயு அபுதாபிக்கும் அங்கிருந்து ஓமானுக்கும் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 200 கோடி கன அடி. அமீரகத்தின் மின் உற்பத்தியில் கணிசமான பங்கு அதை நம்பியிருந்தது. கத்தார் வால்வை மூடியிருந்தால் ஜூன் வெயிலில் துபாயின் ஏசிகள் திணறியிருக்கும். மூடவில்லை. அமீரகமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குகிறவன் நம்பும்வரைதான் வாயு வியாபாரம். சண்டைக்காகக் குழாயை மூடுகிறவன் என்று பெயர் வாங்கினால் டோக்கியோவில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? இந்தியாவுக்குக் குஜராத்தின் தஹேஜ் முனையத்துக்கு வரும் கத்தார் வாயுவும் நிற்கவில்லை.

சாதாரண மக்களுக்கு என்ன ஆனது?

வளைகுடாவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. கணவன் கத்தார், மனைவி பஹ்ரைன் என்றால் பிள்ளைகள் எங்கே இருப்பது என்ற கேள்வி வந்தது. அமீரகத்தில் கத்தாருக்கு அனுதாபம் காட்டிப் பதிவு போட்டால் 15 ஆண்டு வரை சிறை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். சவூதி மேய்ச்சல் நிலத்தில் இருந்த கத்தார்க்காரர்களின் ஒட்டகங்களும் ஆடுகளும் ஆயிரக்கணக்கில் எல்லைக்கு விரட்டப்பட்டன. தண்ணீர் இல்லாமல் வழியில் செத்தவை நிறைய. ஒட்டகத்துக்கு ஏது குடியுரிமை!

நம் ஆட்களில் வேலை போனவர்கள் உண்டு, கட்டுமானத்தில் சம்பளம் தள்ளிப்போனவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் அங்கேயே இருந்தார்கள், நானும்தான். துபாயில் இருந்த என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு நான் மஸ்கட் போய், ஐந்து மணி நேரம் காத்திருந்து, வேறு விமானம் பிடித்துப் போனேன். நேராகப் போனால் ஒரு மணி நேரம்.

கத்தார் ஓபெக்கிலிருந்து விலகியது இதனால்தானா?

2018 டிசம்பர் 3 அன்று அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் விலகியது. 1961 முதல் உறுப்பினர். "அரசியல் இல்லை, இனி எரிவாயுவில் கவனம்" என்றார் எரிசக்தி அமைச்சர். நாளொன்றுக்கு ஆறு லட்சம் பீப்பாய் எடுக்கும் நாடு, ஒரு கோடி பீப்பாய் எடுக்கும் சவூதியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஓபெக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு அறிவித்ததில் அரசியல் இல்லை என்றால் நம்புவது கஷ்டம்.

கடைசியில் எப்படி முடிந்தது?

2021 ஜனவரி 4 இரவு சல்வா வாசல் திறக்கிறது என்று குவைத் அறிவித்தது. மறுநாள் சவூதியின் அல் உலாவில் உச்சி மாநாடு. விமானப் படியிறங்கிய தமீமை இளவரசர் முகமது பின் சல்மான் கட்டித் தழுவினார். பாலைவனத்தின் நடுவே கண்ணாடிச் சுவர்களால் ஆன மராயா அரங்கில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். மாநாட்டுக்கு ஓமானின் சுல்தான் காபூஸ், குவைத்தின் ஷேக் சபா பெயர்களை வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் மறைந்த இரண்டு பெரியவர்கள். சமாதானத்துக்காக அலைந்த சபா அதைப் பார்க்கவில்லை.

13 கோரிக்கைகளில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. அல் ஜஸீரா ஓடிக்கொண்டிருந்தது, துருக்கிப் படை இருந்த இடத்திலேயே இருந்தது. கத்தார் தொடுத்த சர்வதேச வழக்குகளைக் கைவிடுவது என்று பேச்சு. பைடன் பதவி ஏற்க இரண்டு வாரமே இருந்தது. புதிய ஆள் வருவதற்குள் வீட்டைக் கூட்டிவைத்துவிட வேண்டும் என்று சவூதி நினைத்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

அப்படியென்றால் கத்தார்தான் ஜெயித்ததா?

காகிதத்தில் ஆமாம். செலவுக் கணக்கைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கால்பந்தில் சந்தேகமே இல்லை: 2019 ஆசியக் கோப்பை அமீரகத்தில் நடந்தது. அரையிறுதியில் அபுதாபியில் அமீரகத்தையே 4-0 என்று கத்தார் வீழ்த்தியது, பார்வையாளர் பக்கமிருந்து செருப்பு பறந்தது, பிறகு ஜப்பானை வென்று கோப்பையையும் எடுத்துப்போனது. அன்று இரவு தோஹா கார்னிஷில் கார் ஹாரன் ஓய அதிகாலை ஆனது.

இப்போது எல்லோரும் ஒற்றுமையா?

சண்டை இடம் மாறியது. 2021 ஜூலையிலேயே ஓபெக்கும் ரஷ்யா போன்ற நாடுகளும் சேர்ந்த ஓபெக் பிளஸின் கோட்டாவில் சவூதியும் அமீரகமும் மோதிக்கொண்டன. தன் கணக்கு நாளொன்றுக்கு 31.68 லட்சம் பீப்பாயிலிருந்து தொடங்குவது அநியாயம் என்றது அமீரகம். 35 லட்சம் என்று பேசி முடித்தார்கள். கத்தாரும் அமீரகமும் தூதரகங்களைத் திறக்க 2023 ஜூன் ஆனது.

ஆனால் 2025 செப்டம்பர் 9 அன்று ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்து இஸ்ரேல் தோஹாவில் குண்டு போட்டபோது, மறுநாளே அங்கே போய் இறங்கினார் அமீரக அதிபர் முகமது பின் ஸயீத். எட்டு ஆண்டுக்கு முன் வாசலைப் பூட்டியவர்களில் முக்கியமானவர் அவர்தான். பங்காளி வீட்டு எழவுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

துபாயிலிருந்து தோஹாவுக்கு நேரடி விமானம் வந்துவிட்டதா?

2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது. சித்தப்பா மகன் அதில்தான் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். வந்தவன் முதலில் கேட்டது அந்த உப்புக் காபியை.